மன்னவனூருக்குப் போங்க!

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியோடு நின்றுவிடுகிறார்கள். படகு, வாடகை சைக்கிள், கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, சாக்லேட், யூகலிப்டஸ் தைலம். திரும்பி வந்தால் ஒரு வாரத்துக்கு இடுப்பு வலி. கல்யாணமான புதிதில் நானும் அப்படிப் போய்வந்தவள்தான். இனிமேல் யாராவது என்னிடம் "கொடைக்கானல் போலாம்னு இருக்கோம்" என்று ஆரம்பித்தால் கையைப் பிடித்து உட்காரவைத்துவிடுவேன். ஏரியில் நிற்காதீர்கள், தாயே. அங்கிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர், பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே மத்திய அரசு நடத்தும் செம்மறி ஆட்டுப் பண்ணை இருக்கிறது. புல்மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, மாட்டுக்கொட்டகை வைத்த வீட்டில் தங்க அறை கிடைக்கிறது. வேறு எதுவும் இல்லை. அந்த 'வேறு எதுவும் இல்லை'க்காகத்தான் போகச் சொல்கிறேன்!

எங்கள் ஊர் ஆரம்பாக்கம். அடுத்த ஊர் தடா, அது ஆந்திரா. சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் ராத்திரி பகல் தெரியாமல் லாரி ஓடும். கிழக்கே பழவேற்காடு ஏரி, இறால் பண்ணைகள். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். என் வீட்டுக்காரருக்கு அங்கே இரும்பு உருக்கும் ஆலையில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் விடியலில் போவார், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. அவர் தூங்கும்போது பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. பிள்ளைகள் தூங்கியபின் அவர் சாப்பிட உட்காருவார். மாமனார் நாலு மணிக்கே எழுந்து ரேடியோ வைப்பார். அத்தை சூளூர்ப்பேட்டைக்காரர், தெலுங்கு சீரியல் முடியாமல் படுக்கமாட்டார். ஒரே கூரைதான், ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்திருந்ததே அபூர்வம். சிப்காட்டில் வேலை செய்கிற எந்த வீட்டைக் கேட்டாலும் இதே கதைதான்.

ஒருவழியாக வீட்டுக்காரருக்கு லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. ஆரம்பாக்கத்தில் லோக்கல் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து எழும்பூர், ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ். விடிவதற்கு முன் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் வேன் நிற்கிறது. வத்தலக்குண்டு தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கும். டம்டம் பாறையில் நிறுத்தி, எதிர்மலையில் தலையாறு அருவி வெள்ளை நூலாக இறங்குவதைக் காட்டினார்கள். எலிவால் அருவி என்றும் சொல்கிறார்கள். பார்த்தவுடன் பையனுக்குப் பேர் பிடித்துவிட்டது. மற்றபடி வளைவு வளைவாக அத்தைக்கு எலுமிச்சம்பழம், பெண்ணுக்குப் பாலித்தீன் கவர். அதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம்.

கொடைக்கானல் ஊருக்குள் டீ குடித்ததோடு சரி. அதன்பின் வரும் பாதை இருக்கிறதே! இரண்டு பக்கமும் காடு. பைன், யூகலிப்டஸ், சீகை. நடுநடுவே பள்ளங்களில் மட்டும் இருட்டாக, குட்டையாக, பாசி பிடித்த மரங்களோடு சோலை. வெளிநாட்டு மரங்கள் வருவதற்கு முன் இந்த மலை முழுக்கப் புல்லும் சோலையுமாகத்தான் இருந்ததாம். மன்னவனூர் பக்கம் போனால் பழைய மலை எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் ஊகிக்கலாம்.

ஒரு திருப்பத்தில் டிரைவர் தம்பி வண்டியை ஓரம் கட்டினார். கீழே பூம்பாறை. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகத் தோட்டம் வெட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரு பச்சை: பூண்டு, கேரட், உருளை, முட்டைக்கோஸ். நடுவில் கொத்தாக வீடுகள். அங்கே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. மூலவரைப் போகர் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. பழனிக்கும் போகர்தானே என்று அத்தை அங்கேயே கும்பிட்டுக்கொண்டார். எனக்குக் கண் பூண்டில்தான். கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு வாங்கியது. தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டிக் காயவைக்கிறார்கள். வீட்டு விட்டத்தில் பூண்டு தொங்கும் ஊரில் காற்றே குழம்பு வாசனையாக இருக்கிறது. குதிரையும் கோவேறு கழுதையும் மூட்டை சுமந்து எதிரே வந்தன. எங்கள் ஊர் ஹைவேயில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கிப் பழகிய பிள்ளைகள், கழுதைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவ்வளவு மரியாதையாக அவர்கள் ஒதுங்கி நான் பார்த்ததில்லை.

மன்னவனூரில் நாங்கள் தங்கியது ஒரு விவசாயி வீட்டில். மேலே இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார்கள். ஓட்டல் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். வெந்நீர் விறகு அடுப்பிலிருந்து பக்கெட்டில் வரும். டிவி கிடையாது. எங்கள் போன்களில் ஒரு கோடு வந்தால் அதிசயம். ஆனால் ஜன்னலைத் திறந்தால் கீழே மாட்டுக்கொட்டகை. ஒரு கறவை மாடு, அதன் கன்று, ஒரு குதிரை, எண்ண முடியாமல் கோழி, எங்களைப் பார்த்ததும் குரைக்காமல் மோந்துவிட்டுப் போன ஒரு செவலை நாய். வீட்டுக்கார அக்கா வாசலிலேயே சொன்னார்: "வாங்கம்மா. பாலுக்கு நேரமாச்சு, கறந்துட்டு வந்து பேசுறேன், உக்காருங்க." காசு கொடுத்து வந்த விருந்தாளியை உட்காரவைத்துவிட்டு மாட்டைக் கவனிக்கப் போனார். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

மறுநாள் பண்ணைக்கு நடந்தோம். நான் வியந்து வியந்து சொல்லவேண்டியது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ராஜஸ்தானில் அவிகாநகர் என்று ஒரு இடம். அங்கே 1962-ல் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வறண்ட பூமிக்கு அந்த ஆட்டு ஆராய்ச்சி சரி, குளிர் மலைக்கு? அதற்காக 1965-ல் தெற்கே ஒரு கிளை வைத்தார்கள். அதுதான் மன்னவனூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். இங்கே வளர்ப்பது பாரத் மெரினோ. ராஜஸ்தான் பக்கத்து சோக்லா, நாலி போன்ற நாட்டு ஆடுகளோடு ராம்பூயே, மெரினோ என்ற வெளிநாட்டுக் கிடாக்களைச் சேர்த்து, முக்கால் பங்கு வெளிநாட்டு ரத்தமும் கால் பங்கு நம்மூர் ரத்தமுமாக உருவாக்கிய இனம். ஆடை நெய்கிற அளவு மெல்லிய மயிர் வேண்டும், நம் நாட்டில் நோய் தாங்கி நிற்கவும் வேண்டும் என்பது கணக்கு. இங்கே பிறக்கும் கிடாக்களும், கூடவே வளர்க்கிற முயல்களும் விவசாயிகளுக்கு வளர்க்கப் போகின்றன. ஆக, இது வேலை நடக்கிற பண்ணை. பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்கள், அவ்வளவே.

பட்டி திறந்து ஆடுகள் வெளியே வந்தபோது என் பெண் "அம்மா!" என்று கத்தியதைக் கேட்டு நான்தான் பயந்தேன், ஆடுகள் பயப்படவில்லை. அத்தனையும் வெள்ளை. நெற்றி வரைக்கும் மயிர். பச்சைச் சரிவில் அவை ஏறுவது மேகத்தைப் பிய்த்து உருட்டிவிட்டது மாதிரி இருந்தது. பின்னாலேயே நிஜ மேகமும் சரிவில் இறங்கியது. கொஞ்ச நேரம் எது ஆடு எது மேகம் என்றே தெரியவில்லை. கத்துகிற பக்கம் ஆடு என்று பையன் கண்டுபிடித்தான்.

என் மாமனாருக்கு ஆடு புதிதல்ல. எங்கள் திருவள்ளூர் மாவட்டப் பக்கத்தில் 'மெட்ராஸ் ரெட்' என்று ஒரு செம்மறி இனம் உண்டு. பழுப்பும் சிவப்புமாக, கம்பளியே இல்லாமல், வெயிலில் மேய்வதற்கென்றே பிறந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் நெல்லூர் ஆடு. இந்தியச் செம்மறிகளிலேயே உயரமானது. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளாடு என்றே நினைப்பீர்கள். தாத்தா வேலியில் சாய்ந்துகொண்டு பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். "நெல்லூர் ஆட்டுல மூணு தினுசு. முழு வெள்ளை பல்லா. வெள்ளையில கறுப்புப் புள்ளி ஜோடிப்பி. செவலை டோரா." பையன் கேட்டான்: "கார்ட்டூன்ல வர்ற டோராவா தாத்தா?" தாத்தாவுக்கு அந்த டோராவைத் தெரியாது. "ஆமா, நெல்லூர்லேருந்து வர்றவ" என்று அடித்துவிட்டார்.

பாரத் மெரினோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் வேலையாளிடம் கேட்ட முதல் கேள்வி: "இதுல கறி எவ்ளோ தேறும்?" வேலையாள் சிரித்தார். "பெரியவரே, இதை மயிருக்குத்தான் வளக்குறோம்." மாமனார் நம்பவில்லை. மயிருக்காக ஆடு வளர்ப்பது அவர் கணக்கில் இல்லாத சங்கதி. சமவெளி ஆட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்! நம் ஊர்ச் செம்மறிக்குக் கோடையைத் தாண்டுவதுதான் பெரும்பாடு, அதன் உடம்பில் முடி குட்டையாக இருப்பதே அதற்காகத்தான். இங்கே வெட்டாமல் விட்டால் மயிர் வளர்ந்துகொண்டே போகும், ஆட்டுக்கே பாரமாகிவிடும். அதனால் கத்தரித்தே ஆகவேண்டும். ஒரே சாதி மிருகம், தட்பவெப்பம் மாறினால் எவ்வளவு மாறிவிடுகிறது! எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம் எனக்கு அந்த வேலியோரம்தான் புரிந்தது.

அனுமதி கேட்டு ஒரு குட்டியைத் தொட்டோம். மேல்மயிர் அழுக்காக, முரடாகத்தான் தெரிகிறது. விரலால் பிரித்துப் பார்த்தால் உள்ளே பால் நிறத்தில் சுருள் சுருளாக இருக்கிறது. கை எடுத்தால் லேசாகப் பிசுபிசுப்பு. ஆட்டின் தோலில் ஊறும் லானோலின் என்கிற மெழுகு அது, மழையில் நனையாமல் காப்பது. கடைகளில் க்ரீம் டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், அந்தப் பெயர் இருக்கும். பெண் அன்று முழுக்கக் கையைக் கழுவவே இல்லை. நானும் சொல்லவில்லை.

முயல்கள் தனிக் கொட்டகையில். ஒயிட் ஜெயன்ட் முழு வெள்ளை, சிவப்புக் கண், வளர்ந்தது பார்ப்பதற்குப் பூனையைவிடப் பெரிது. சோவியத் சின்சில்லா சாம்பல் நிறம். ஊதினால் ரோமம் பிரிந்து உள்ளே வளையம் வளையமாக நிறம் தெரியும். முயல் சுமக்கும் காலம் ஒரு மாதம்தான் என்று கேட்டு அத்தை அதிர்ந்துபோனார். முயல் தன்னுடைய மெத்தென்ற புழுக்கையை விடியற்காலையில் தானே தின்னும், அதிலிருந்துதான் இரண்டாம் தடவையாகச் சத்தை எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தபின் என் பையன் எங்களில் ஒருவரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

பண்ணையைத் தாண்டிய புல்மலை, அதன் அடியில் ஏரி. வனத்துறை அங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறது. பரிசலில் ஏற்றிச் சுற்றிக்காட்டுகிறார்கள். பரிசல்காரர் வேண்டுமென்றே ஒரு சுழற்று சுழற்ற, அத்தை தெலுங்கில் எல்லா சாமியையும் கூப்பிட்டார். இறங்கியதும் "இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டவரும் அவரேதான். நான் ஏரிக்கரைப் புல்லில் மல்லாந்து படுத்தேன். ஆரம்பாக்கத்தில் வானத்தைப் பார்த்துப் படுக்க ஏது இடம்? மொட்டை மாடியில் படுத்தால் லாரி ஹாரன் நெஞ்சில் ஏறும்.

ஆனால் என்னைக் கேட்டால், உச்சம் ஆட்டுப் பண்ணைகூட இல்லை. சாயங்காலம்தான். நாலரைக்கெல்லாம் ஆடுகள் இறங்கும். அஞ்சரைக்குக் கோழி அடையும். அக்கா மறுபடி பால் கறப்பார். குதிரை கேரட் மூட்டையை இறக்கிவிட்டு வரும். அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதற்கு மட்டும் என் பையன் தினமும் தோட்டம் வரை நடந்தான். இருட்டியதும் மூடுபனி வாசற்படிக்கு வந்துவிடும், குளிர் பின்னாலேயே வரும். எல்லாரும் அடுப்படிக்குள் போய்விடவேண்டியதுதான். மலைப்பூண்டுக் குழம்பு, பட்டர் பீன்ஸ் கூட்டு, ஒருநாள் நாட்டுக்கோழி. பட்டர் பீன்ஸை மெட்ராஸில் வாங்கி எத்தனையோ தடவை சமைத்திருக்கிறேன். செடியிலிருந்து பறித்து அன்றைக்கே வேகவைத்தால் அது வேறு காய். வெண்ணெய் என்று பேர் வைத்தவர் இங்கே சாப்பிட்டவராகத்தான் இருக்கவேண்டும்.

எட்டு மணிக்கு வீடே தூங்கிப்போகும். விடியலில் மாடு கத்தினால் எல்லாருக்கும் ஒன்றாக விழிப்பு வரும். என் வீட்டுக்காரரும் மாமனாரும் ஒரே நேரத்தில் வாசலில் உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்தேன். அத்தை சீரியலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்களுக்காக யாரும் நேரத்தை ஒழுங்கு பண்ணவில்லை. மாட்டுக்கு ஒரு நேரம், ஆட்டுக்கு ஒரு நேரம், நாங்கள் அதில் போய்ச் சேர்ந்துகொண்டோம். ரிசார்ட்டில் எந்நேரமும் நமக்குச் சேவகம் நடக்கும். எப்போது வேண்டுமானாலும் எழலாம், எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஷிஃப்ட் குடும்பத்துக்கு அது வேண்டாம், அய்யா. இஷ்டத்துக்கு விட்டால் ஆளுக்கொரு மூலையில்தான் கிடப்போம். எங்களை ஒரே நேரத்தில் எழுப்பி, ஒரே நேரத்தில் பசிக்கவைத்து, ஒரே நேரத்தில் கொட்டாவி விடவைக்க ஒரு கறவை மாடு தேவைப்பட்டது.

ஒருநாள் முன்னிரவில் நாய் தொண்டைக்குள் உறுமியது. வீட்டுக்கார அண்ணன் ஜன்னலோரம் கூப்பிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் தரையில் காட்டினார். தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு. டவுன் பலகைகளில் காட்டெருமை என்று எழுதியிருக்கும். கறுத்த உடம்பு, முழங்கால் வரைக்கும் வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் போட்ட மாதிரி கால்கள். நன்றாக வளர்ந்த ஆண் ஒரு டன்கூடத் தேறும். மூச்சுவிடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. "வெளிய போகாதீங்க, அதுவா போயிரும்" என்றார். போய்விட்டது. போகும்போது முட்டைக்கோஸில் ஒரு வரிசையையும் முடித்துவிட்டுப் போனது. எங்களுக்கு அது சாகசம், அண்ணனுக்கு நஷ்டம். காலையில் அந்த வரிசையைப் பார்த்தபின்தான் இந்த மலையின் விவசாயம் எவ்வளவு பாடு என்று உறைத்தது. அன்று அக்காவிடம் பூண்டுக்குப் பேரம் பேசவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் எடுக்கவேண்டும். முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஏப்ரல், மே வேண்டாம், மலைப்பாதையிலேயே பாதி நாள் போய்விடும். சனி, ஞாயிறும் வேண்டாம். ஆடுகளைவிட செல்ஃபிகள் அதிகமாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை. டிசம்பர், ஜனவரியில் போனால் விடியற்காலையில் புல்மேல் உறைபனி பார்க்கலாம். ஆனால் ஆரம்பாக்கம் ஸ்வெட்டர் அங்கே கைக்குட்டைக்குச் சமம், தடியானதாக எடுத்துப்போங்கள். வேன் வைக்க வசதி இல்லாதவர்கள் கொடைக்கானலிலிருந்து அரசு பஸ்ஸிலும் போகலாம். பண்ணையில் ஆட்டைத் துரத்தாதீர்கள், சிப்ஸ் கொடுக்காதீர்கள். சினையாடு மிரண்டு ஓடினால் குட்டிக்கு ஆபத்து. பிளாஸ்டிக் கவரைப் புல்லில் போட்டால் அது நேராக மாட்டு வயிற்றுக்குத்தான் போகும்.

இன்னொன்றுக்கும் தயாராகப் போங்கள்: பிள்ளைகள் முயல் கேட்பார்கள். எங்கள் வீட்டில் கொடை ரோடு ஸ்டேஷன் வரைக்கும் அழுகை. ஆரம்பாக்கம் வெயிலை முயல் தாங்காது என்று வீட்டுக்காரர் விளக்கிப் பார்த்தார். பெண் கேட்கவில்லை. "அப்ப நாம அங்கயே போய் இருந்துடலாம்பா" என்றாள். 2030-ல் குறிஞ்சி பூக்க வேண்டிய முறை, அப்போது கட்டாயம் கூட்டிவருகிறேன் என்று சமாதானம் சொன்னேன். அத்தை குறுக்கே வந்தார். "2030 வரைக்கும் யார் இருப்பா? பொங்கல் முடிஞ்சதும் டிக்கெட் போடு." போட்டாயிற்று. இந்தத் தடவை ஆறு பேர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். அவர்களும் ஷிஃப்ட் குடும்பம்தான்.